கான்கிரீட்டுக்கு வெப்பமானி உண்டு, அதை ஊற்றுகிறவருக்கு?

பிற்பகல் இரண்டு மணிவாக்கில் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ, கிள்ளானை நோக்கிச் செல்லும் கூட்டரசு நெடுஞ்சாலையிலோ பயணம் செய்கிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். நெரிசலில் நகர முடியாமல் ஒரு மிக்சர் லோரி நிற்கும். அதன் பீப்பாய் மட்டும் நிற்காமல் சுழன்றுகொண்டே இருக்கும். நம்மைப் பொறுத்தவரை அது பாதையை அடைத்து நிற்கும் இன்னொரு லோரி. உள்ளே ஸ்டியரிங் பிடித்திருக்கும் ஓட்டுநருக்கு அது ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். சிமெண்டில் தண்ணீர் பட்ட நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் கலவையை இறக்கிவிட வேண்டும் என்பது இத்தொழிலில் பரவலாகப் பின்பற்றப்படும் விதி. வெயில் ஏற ஏற அந்த நேரமும் சுருங்கும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் எங்கு திரும்பினாலும் கட்டுமானம்தான். அலுவலகக் கோபுரங்கள், பேரங்காடிகள், கடைவீட்டு வரிசைகள், ரயில் தடத்தின் தூண்கள் என எல்லாமே கான்கிரீட். 1881ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் குடிசைகளை அழித்த பின், செங்கல்லால்தான் கட்ட வேண்டும் என்று ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவிட்டார். அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகளால் பெயர் பெற்ற இடம் பிரிக்பீல்ட்ஸ். அங்கும் இன்று ஏறும் கட்டடங்களைத் தாங்குவது கான்கிரீட்தான்.

இந்தத் துறையில் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். மிக்சர் லோரி ஓட்டுகிறார்கள், பம்ப் இயக்குகிறார்கள், சைட் சூப்பர்வைசராகவும் பாதுகாப்பு அதிகாரியாகவும் வேலை செய்கிறார்கள், சிறு குத்தகை எடுக்கிறார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்களில் ஒருவராவது சிமெண்ட் தூசியில் நின்றிருப்பார். ஆகவே வெப்பம் கான்கிரீட்டை என்ன செய்கிறது, அதை ஊற்றுகிறவரை என்ன செய்கிறது என்ற இரண்டு கேள்விகளும் நமக்கு அந்நியமானவை அல்ல. ஆனால் முதல் கேள்விக்கு ஒப்பந்தத்திலேயே பதில் எழுதியிருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு அப்படி எழுதப்பட்ட எண் எதுவும் இல்லை.

பால் வெட்டியவர்களுக்குத் தெரிந்த கணக்கு

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. விடியும் முன்பே பெரட்டு முடிந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போனது ஏன்? குளிர்ச்சியான நேரத்தில்தான் மரம் தாராளமாகப் பால் கொடுக்கும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். சேர்த்த பாலும் வெயிலில் கிடந்தால் தானாகக் கட்டிக்கொள்ளும் என்பதால் அதில் அமோனியா ஊற்றுவார்கள்.

கான்கிரீட்டும் இதே குணம் கொண்டது. சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்ததும் ஒரு ரசாயன வினை தொடங்குகிறது. வெப்பம் அந்த வினையை முடுக்கிவிடுகிறது. பொதுவான கணக்குப்படி, கலவையின் வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அது இறுகத் தொடங்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இறுகுவதைத் தாமதப்படுத்தத் தனி ரசாயனங்கள் உண்டு. பாலுக்கு அமோனியா செய்த வேலையைக் கலவைக்கு அவை செய்கின்றன. சாதாரணச் சீனிக்கே அந்தக் குணம் இருக்கிறது. லோரி பாதி வழியில் பழுதாகி நின்றுவிட்டால் பீப்பாய்க்குள் சீனியைக் கொட்டிக் கலவை கல்லாகாமல் தடுப்பது பழைய ஓட்டுநர்களுக்குத் தெரிந்த வித்தை. அந்தக் கலவை பிறகு கட்டடத்துக்கு உதவாது. ஆனால் பீப்பாய் தப்பிக்கும்.

தோட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. அதிகாலை வேலை மரத்தின் வசதிக்காக வகுக்கப்பட்டது. வெட்டுக்காரரின் உடம்பை நினைத்து எந்த வெள்ளைக்காரத் துரையும் அந்த நேரத்தைக் குறிக்கவில்லை. இருந்தாலும் உச்சி வெயிலில் மரத்தடியில் நிற்கும் கொடுமையிலிருந்து வெட்டுக்காரர் ஓரளவு தப்பினார். கட்டுமானத்தில் அந்தத் தற்செயலான சலுகைகூட இப்போது கிடைப்பதில்லை.

இரண்டு வாளித் தண்ணீர்

வெயிலில் வரும் கலவை வழியிலேயே கெட்டியாகத் தொடங்கும். லோரி சைட்டுக்கு வந்து சேரும்போது பம்ப் குழாயில் ஏறாது, கம்பிகளுக்கு இடையில் இறங்காது. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் மருந்து தண்ணீர் ஒன்றுதான். லோரியிலேயே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. குழாயைத் திறந்துவிட்டு இரண்டு நிமிடம் பீப்பாயைச் சுற்றினால் கலவை மறுபடியும் குழைந்துவிடும். எல்லாருக்கும் நிம்மதி.

அந்த நிம்மதியின் விலையைக் கணக்கிடலாம். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் 5 லிட்டர் தண்ணீர் கூடினால், குழைவைக் காட்டும் ஸ்லம்ப் அளவு சுமார் 25 மில்லிமீட்டர் கூடும், வலிமை ஏறத்தாழ 1 முதல் 1.4 மெகாபாஸ்கல் வரை குறையும். 7 கன மீட்டர் ஏற்றி வந்த லோரியில் யாரோ 100 லிட்டர் திறந்துவிட்டார் என்றால் 3 முதல் 4 மெகாபாஸ்கல் போயிற்று. 30 மெகாபாஸ்கல் வேண்டும் என்று பொறியாளர் எழுதிய தூணில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வலிமை அங்கேயே கரைந்துவிட்டது. கண்ணுக்கு எதுவும் தெரியாது. தூண் வழவழப்பாக, முன்பைவிட அழகாகக்கூட இருக்கும்.

ஒரு தூண் இதனால் உடனே விழுந்துவிடாது. பொறியாளர்கள் கணக்கில் பாதுகாப்பு இடைவெளி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த இடைவெளி பல தவறுகளுக்குச் சேர்த்து வைக்கப்பட்டது. தண்ணீர் கூடிய கான்கிரீட்டில் நுண்துளைகளும் கூடும். கிள்ளான் துறைமுகப் பக்கம் உப்புக் காற்று, நகரில் புகை, இரண்டும் அந்தத் துளைகள் வழியே கம்பியைத் தேடிப் போகும். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து மேல்தளத்தின் அடிப்பக்கம் பொரிந்து விழும்போது, அந்த மதியம் குழாயைத் திறந்தவர் யார் என்று தேட முடியாது.

வெப்பம் செய்யும் இன்னொரு சேதம் தளத்தின் மேற்பரப்பில் நடக்கிறது. ஊற்றி மட்டம் தட்டிய சில மணி நேரத்தில், உள்ளிருந்து ஊறி வரும் தண்ணீரைவிட வேகமாக மேலே ஈரம் காய்ந்தால் மயிரிழை வெடிப்புகள் விழும். நம் நாட்டில் காற்றில் ஈரம் அதிகம், ஆகவே அந்தப் பிரச்சினை பாலைவன நாட்டுக்காரர்களுக்குத்தான் என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. கோலாலம்பூரில் உச்சி நேரத்தில் ஈரப்பதம் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடுகிறது. இருபதாவது மாடியில் தடையில்லாத காற்றும் நேர் வெயிலும் சேர்ந்தால் தளம் எவ்வளவு சீக்கிரம் வெளுத்துப்போகிறது என்பதை மேலே நின்றவர்கள் அறிவார்கள். பிறகு நான்கு மணிக்கு இடியும் மழையும் வந்து, காயாத தளத்தை அரித்துவிட்டுப் போகும். வெயிலும் மழையும் ஒரே பிற்பகலில் தாக்குவது நமக்கே உரிய தலைவலி.

தரத்தைச் சோதிக்க ஒவ்வொரு முறையும் கியூப் எடுக்கிறார்கள். கலவையைச் சிறு கனசதுர அச்சில் ஊற்றி, மறுநாள் பிரித்து, தண்ணீர்த் தொட்டியில் போட்டு, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் நசுக்கிப் பார்ப்பார்கள். நல்ல சோதனைதான். ஆனால் கியூப் தொட்டியில் சுகமாகக் குளித்துக்கொண்டிருக்கும் அதே நாள்களில் உண்மையான தளம் மொட்டை வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. சூட்டில் இறுகிய கான்கிரீட் முதல் சில நாள் வலிமையாகத் தோன்றி, 28 நாளில் எதிர்பார்த்ததைவிடக் குறைந்து நிற்கும் குணம் கொண்டது. ஆக, கியூப் தேர்ச்சி பெற்றதென்றால் ஆலையிலிருந்து வந்த கலவை சரியாக இருந்தது என்று பொருள். தளத்தை ஏழு நாள் ஈரக் கோணியோ நெகிழித் தாளோ போட்டுக் காப்பாற்றினார்களா என்பதை அது சொல்லாது.

இரட்டைக் கோபுரம் கற்ற பாடம்

இதையெல்லாம் சரியாகச் செய்ய முடியாதா என்றால், இந்த ஊரிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். 452 மீட்டர் உயரப் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தை எஃகில் கட்டாமல் பெரும்பாலும் கான்கிரீட்டில் எழுப்பியதற்கு முக்கியக் காரணம், எஃகை இறக்குமதி செய்யும் செலவு அதிகம், கான்கிரீட் வேலை நம் ஊர்க் கட்டுமானத் துறைக்குப் பழக்கமானது. ஒவ்வொரு கோபுரத்தின் அடித்தளத்துக்கும் 13,200 கன மீட்டர் கான்கிரீட்டை 54 மணி நேரம் நிறுத்தாமல் ஊற்றினார்கள். ஒரு லோரிக்கு 6 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 2,200 லோரி நடைகள். ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு லோரி வந்து இறக்கிவிட்டுப் போயிருக்க வேண்டும். இரவு பகல் பாராமல் அது நடந்தது, நகரமும் இடம் கொடுத்தது.

அந்தத் திட்டத்தின் தொடக்கத்தில் ஒரு சறுக்கல் ஏற்பட்டது. ஒரு தொகுதி கான்கிரீட் வழக்கமான வலிமைச் சோதனையில் தோல்வியடைந்தது. வேலையை முழுதாக நிறுத்தி, அதுவரை முடிந்த தளங்களை எல்லாம் சோதித்தார்கள். ஒரே ஒரு தளத்தில் மட்டும் அந்தக் கலவை போயிருந்தது தெரிந்ததும் அதை இடித்து அகற்றினார்கள். வேலை நின்ற ஒவ்வொரு நாளும் 7 லட்சம் அமெரிக்க டாலர் இழப்பு என்று சொல்லப்படுகிறது. அதன் பிறகு ஒவ்வொரு தொகுதியையும் ஊற்றும் முன்பே சோதிக்கும் முறை வந்தது. ஒரு கலவை ஆலை சிக்கலில் மாட்டினாலும் வேலை நிற்காதபடி கட்டுமான இடத்திலேயே மூன்று தனித்தனி ஆலைகள் அமைக்கப்பட்டன. ஆலை சைட்டுக்குள்ளேயே இருந்தால் நெடுஞ்சாலையில் காயும் லோரி என்ற பேச்சே இல்லை.

எல்லா மேம்பாட்டாளரும் சைட்டில் ஆலை வைக்க முடியாதுதான். ஆனால் செலவு குறைந்த வழிகள் பல இருக்கின்றன. கலவையில் எடையில் பெரும்பங்கு கல்லும் மணலும். அவற்றைக் கூரையின் கீழ் வைத்து, கல்லின் மேல் தண்ணீர் தெளித்தாலே சில டிகிரி குறையும். கலக்கும் தண்ணீரில் ஒரு பகுதிக்குப் பதிலாக ஐஸ் சீவல் சேர்ப்பது இன்னும் நல்ல வழி. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பம், ஒரு கிலோ தண்ணீரை 80 டிகிரி சூடாக்கப் போதுமானது. வெயிலில் கை வைக்க முடியாமல் கொதிக்கும் கம்பியையும் பலகையையும் ஊற்றும் முன் தண்ணீர் அடித்துக் குளிர வைக்கலாம்.

பருமனான அடித்தளங்களுக்கு வேறொரு கணக்கு உண்டு. ஒரு கன மீட்டரில் உள்ள ஒவ்வொரு 100 கிலோ சிமெண்டும் உட்புற வெப்பத்தைச் சுமார் 12 டிகிரி உயர்த்தும். 400 கிலோ சிமெண்ட் உள்ள கலவையை 32 டிகிரியில் ஊற்றினால் நடுப்பகுதி 80 டிகிரியை எட்டும். 70 டிகிரியைத் தாண்டினால் பல ஆண்டு கழித்து உள்ளிருந்தே வெடிப்பு வரும் ஆபத்து இருக்கிறது. அதற்காகத்தான் சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்து, இரும்பாலைக் கசடோ, காப்பார் போன்ற நிலக்கரி மின்நிலையங்களில் மிஞ்சும் சாம்பலோ சேர்க்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட மலிவான வழி ஊற்றும் நேரத்தை மாற்றுவது. கோலாலம்பூரில் இரவு வெப்பநிலை 24, 25 டிகிரிக்கு இறங்குகிறது. சாலையும் காலியாக இருக்கும். பகலில் ஒரு மணி நேரம் ஊர்ந்து வரும் லோரி இரவில் மிக விரைவாக வந்து சேரும்.

அப்படியானால் எல்லாரும் ஏன் இரவில் ஊற்றுவதில்லை? பிரிக்பீல்ட்ஸ்வாசிகளைக் கேட்டால் சட்டென்று பதில் வரும். பம்ப் இரைச்சல், பின்னோக்கி வரும் லோரியின் ‘பீப் பீப்’, அதிர்வுக் கருவியின் உறுமல். அடுக்குமாடியில் கைக்குழந்தையும் வயதானவர்களும் தூங்க வேண்டாமா? இரவு வேலைக்கு மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும், புகார் வந்தால் அது ரத்தாகலாம். காலையிலும் மாலையிலும் நெரிசல் நேரத்தில் கனரக லோரிகளுக்குக் கட்டுப்பாடு. எஞ்சி நிற்பது காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடைப்பட்ட நேரம். அதாவது, நகரத்தின் வசதிக்காக நாம் போட்ட விதிகள் எல்லாம் சேர்ந்து, கான்கிரீட்டுக்கும் மனிதனுக்கும் ஆக மோசமான நேரத்தைப் பார்த்து ஒதுக்கிக் கொடுத்திருக்கின்றன. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஆனால் விளைவு இதுதான்.

குடியிருப்பாளர்களின் புகாரை நான் குறை சொல்ல மாட்டேன். தூக்கம் கெட்டவனுக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனால் இதற்கு நடுவழி இல்லாமல் இல்லை. ஒரு கட்டடத்தில் தினமும் பெரிய தளம் ஊற்றுவதில்லை. மாதத்தில் குறிப்பிட்ட சில இரவுகள், முன்கூட்டியே அறிவிப்பு, நள்ளிரவுக்குப் பின் கூச்சலான வேலை கூடாது என்று எழுதி அனுமதி தரலாம். விடியற்காலை தொடங்கி வெயில் ஏறும் முன் முடிப்பது இன்னொரு வழி. மாநகர் மன்றமும் கிள்ளான், ஷா ஆலாம், பெட்டாலிங் ஜெயா ஊராட்சிகளும் ஒன்றுசேர்ந்து பேச வேண்டிய விஷயம் இது. லோரி ஒரு ஊராட்சியில் புறப்பட்டு இன்னொன்றில் இறக்குகிறது.

35 டிகிரி யாருக்கு?

அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் வெப்பகால விதிமுறை, ஊற்றும்போது கலவையின் வெப்பநிலை 35 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்கிறது. ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் எண் சற்று மாறலாம். ஆனால் ஓர் எண் இருக்கும். லோரி வந்ததும் ஒருவர் தள்ளுவண்டியில் கொஞ்சம் கலவை எடுத்து, வெப்பமானியைச் செருகிப் பார்த்துத் தாளில் குறித்துக்கொள்வார். எண்ணைத் தாண்டினால் லோரியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. ஏழு கன மீட்டர் சிமெண்ட் கலவைக்கு இவ்வளவு மரியாதை.

அதே இடத்தில் ரப்பர் பூட்ஸும் நீளக்கை சட்டையும் ஹெல்மெட்டும் அணிந்து, கனமான பம்ப் குழாயை இழுத்துக்கொண்டு முழங்கால் அளவு கலவையில் நிற்கிறவரின் உடல் வெப்பம் என்ன? அதை எவரும் குறிப்பதில்லை. சிமெண்ட் இறுகும்போது வெளிவிடும் சூடும் கீழிருந்து அவர் மேல்தான் ஏறுகிறது. வியர்வை காய வழியில்லாத ஈரக் காற்றில் உடம்பு தன்னைக் குளிர வைத்துக்கொள்ளத் தடுமாறும். தலைசுற்றல், தசைப்பிடிப்பு, குழப்பமான பேச்சு என்று தொடங்கி, உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் அது உயிரைப் பறிக்கும் வெப்பத்தாக்கம். பன்னிரண்டாவது மாடியின் விளிம்பில் ஒருவருக்குத் தலை சுற்றினால் மருத்துவ அறிக்கையில் அது ‘உயரத்திலிருந்து விழுந்தார்’ என்றுதான் பதிவாகும்.

2023ஆம் ஆண்டு மே மாதத்தில் கடும் வெப்பம் காரணமாகப் பள்ளிகளில் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்தும்படி கல்வி அமைச்சு உத்தரவிட்டது. சரியான முடிவு. ஆனால் திடலிலிருந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போன அதே நாள்களில், பள்ளி வேலிக்கு அப்பால் சைட்டில் வேலை வழக்கம்போல நடந்தது. வானிலை ஆய்வுத்துறையின் அளவுகோலில் தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரி என்றால் முதல் நிலை, 37 முதல் 40 வரை வெப்ப அலை, அதற்கு மேல் கடும் வெப்ப அலை. இவை நிழலில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வைத்து அளந்த எண்கள். வெயிலில் கிடக்கும் கம்பிப் பின்னலின் மேல் நிற்கிறவரின் நிலை அதைவிட மோசம்.

சட்டம் ஒன்றுமே சொல்லவில்லை என்று கூற முடியாது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2016இல் வெப்ப அழுத்தம் குறித்து நல்ல வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. பாதுகாப்புக் கடமை தவறும் முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 5 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால் வேலையிடத்தை விட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு 26ஏ பிரிவில் கிடைத்தது. ஆனால் வழிகாட்டி என்பது வழிகாட்டிதான். இத்தனை டிகிரியில் இத்தனை நிமிடம் ஓய்வு என்று கட்டாயப்படுத்தும் எண் சட்டத்தில் இல்லை. எண் இல்லாதபோது ‘வெயில் அதிகம்’ என்பது சூப்பர்வைசருக்கும் தொழிலாளிக்கும் இடையிலான வாய்ச்சண்டையாகிவிடுகிறது. அதில் யார் ஜெயிப்பார் என்று எல்லாருக்கும் தெரியும். பெர்மிட் முதலாளி கையில் இருக்கும் வங்காளதேசத் தொழிலாளியோ, தமிழ்நாட்டிலிருந்து கடன் வாங்கி வந்த இளைஞரோ 26ஏ பிரிவைச் சொல்லித் தளத்தை விட்டு இறங்குவார் என்று நான் நம்பவில்லை.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? குவைத்தில் கோடை மூன்று மாதம் காலை 11 முதல் மாலை 4 வரை வெளிப்புற வேலைக்குத் தடை. ஐக்கிய அரபு சிற்றரசுகளில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 வரை தடை. கத்தார் 2021இல் தடை நேரத்தை நீட்டியதோடு, டபிள்யூ.பி.ஜி.டி எனும் அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும் என்றும் சேர்த்தது. காற்றின் வெப்பம், ஈரப்பதம், நேர் வெயில், காற்றோட்டம் நான்கையும் சேர்த்துக் காட்டும் அளவு அது. நமக்கு அருகில் சிங்கப்பூர் 2023 அக்டோபரில் புதிய விதிகளை அறிவித்தது. இந்த அளவு 32 டிகிரியை எட்டினால் கடும் உடலுழைப்பு செய்கிறவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு, 33 என்றால் 15 நிமிடம். புதிதாக வந்தவர்களை வெப்பத்துக்குப் படிப்படியாகப் பழக்கவும் வேண்டும்.

வளைகுடாவின் முறை நமக்கு அப்படியே பொருந்தாது. அங்கே கோடை என்று ஒரு காலம் இருக்கிறது, தடையும் அதோடு முடிகிறது. இங்கே ஜனவரியிலும் 32, ஆகஸ்டிலும் 32. ஆண்டு முழுக்க நண்பகல் தடை என்றால் எந்தக் குத்தகையாளரும் ஏற்க மாட்டார். மேகம் மூடிய நாளில் அதற்குத் தேவையும் இருக்காது. அளவைப் பார்த்து ஓய்வு தரும் சிங்கப்பூர் வழிதான் நம் வானிலைக்கு ஒத்துவரும். கருவியும் பெரிய செலவில்லை. ஒரு லோரி கான்கிரீட்டைத் திருப்பி அனுப்பினால் ஏற்படும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் அது ஒரு பொருட்டே அல்ல.

உண்மையான செலவு ஓய்வு நேரத்தில் இருக்கிறது. துணைக் குத்தகையில் தளத்தின் பரப்பளவுக்குக் கூலி பேசும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பத்து நிமிடம் உட்கார்ந்தால் அந்தப் பத்து நிமிடமும் தொழிலாளியின் சொந்தக் காசு. லோரிகள் வரிசையில் காத்திருக்கும்போது பாதித் தளத்தில் ஓய்வு எடுத்தால், ஊற்றிய பகுதி இறுகிப் புதிய கலவையோடு ஒட்டாமல் போகும். ஆகவே ஓய்வு என்பது தண்ணீர்ப் பாட்டிலோடு முடிகிற காரியமல்ல. மாற்று ஆட்குழு வேண்டும், லோரி இடைவெளியை அதற்கேற்ப வகுக்க வேண்டும், அந்தச் செலவை டெண்டர் விலையிலேயே காட்ட வேண்டும். கட்டாய விதி வந்தால் எல்லாரும் அதைச் சேர்த்தே விலை போடுவார்கள். இல்லாதவரை நேர்மையான குத்தகையாளர்தான் டெண்டரில் தோற்பார்.

கடைவீடு வாங்குகிறவர்களுக்கும் ஆலய நிர்வாகத்தினருக்கும் தனியாக ஒரு வார்த்தை. வீடு வாங்கினால் வீடமைப்புச் சட்டத்தின் கீழ் 24 மாதப் பழுதுப் பொறுப்புக் காலம் உண்டு. கடை, அலுவலகம் போன்ற வணிகக் கட்டடங்களுக்கு அந்த நிலையான ஒப்பந்தம் பொருந்தாது. கையெழுத்திட்ட தாளில் எழுதியிருப்பதே பாதுகாப்பு. எனவே பழுதுப் பொறுப்புக் காலம் எத்தனை மாதம் என்று பார்த்து வாங்குங்கள். மண்டபம் கட்டும் ஆலயங்களில் ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்து, எல்லாரும் கூடி, பதினோரு மணிக்குத் தளம் போடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நல்ல நேரம் பார்க்கிறவர்கள் விடியற்காலையில் ஒரு நல்ல நேரம் பார்த்தால் தளத்துக்கும் நல்லது. லோரியோடு வரும் டெலிவரி சீட்டில் ஆலையிலிருந்து புறப்பட்ட நேரம் அச்சாகியிருக்கும். அதைக் கேட்டு வாங்கி, இறக்கி முடித்த நேரத்தைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். லோரிக்காரர் தண்ணீர் சேர்த்தால் எத்தனை லிட்டர், யார் சொல்லிச் சேர்த்தார் என்பதையும் அதே சீட்டில் எழுதச் சொல்லுங்கள். தளம் போட்ட பிறகு ஒரு வாரம் கோணியை நனைத்துக்கொண்டே இருக்க ஓர் ஆளை நியமியுங்கள். இதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை.

பெரிய சைட்டுகளில் காலையில் வேலை தொடங்கும் முன் எல்லாரையும் நிற்க வைத்துப் பாதுகாப்புக் குறிப்பு சொல்வார்கள். ஹெல்மெட், கயிறு, பாரந்தூக்கி என்று பட்டியல் போகும். பாதுகாப்பு அதிகாரிகளாக இருக்கும் நம் பிள்ளைகள், விதி வரும்வரை காத்திராமல், அதில் இரண்டு எண்களைச் சேர்க்கலாம்: இன்று எத்தனை மணிக்குத் தளம் ஊற்றப்போகிறோம், அந்த நேரத்தில் வெப்ப அளவு எத்தனையை எட்டினால் குழு மாறும். மலாயிலும் வங்காளத்திலும் இந்தோனேசியத்திலும் தமிழிலும், கலவையின் வெப்பநிலையைக் குறிக்கும் அதே பலகையில் அதற்குப் பக்கத்திலேயே எழுதலாம்.